பிள்ளைகளோடு வன்னியின் போர்க்களங்கள்: எந்தப் பாதையால் போவது?

வவுனியாவிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம் வன்னியின் போர்க்களங்களையும் கோட்டைகளையும் பார்க்க விரும்பினால், அதற்கு மூன்று பாதைகள் உண்டு. ஏ9 வீதியால் நேரே வடக்கே கிளிநொச்சிக்கும் ஆனையிறவுக்கும் போகலாம். மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்கும் நந்திக்கடலுக்கும் போகலாம். செட்டிகுளம் ஊடாக மேற்கே மன்னாருக்கும் அரிப்புக்கும் போய், இன்னொரு நாள் இருந்தால் ஏ32 வீதியால் பூநகரிவரை ஏறலாம். கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் கனடாவிலிருந்து வந்த தங்கையின் குடும்பத்தோடு இம்மூன்று பாதைகளாலும் வெவ்வேறு நாட்களில் போய்வந்தேன். போவதற்கு முன் இதைப்பற்றி எவரேனும் எழுதியிருந்தால் எனக்கு உதவியிருக்கும் என்பதனாலேயே இதை எழுதுகிறேன்.

நாங்கள் போன வான் வண்டியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தெரிவு அவர்களைப் பொறுத்தே அமைந்தது. மருமகனுக்குப் பதின்மூன்று வயது, மருமகளுக்கு எட்டு, என் மகளுக்குப் பதினொன்று. அவர்களோடு என் அம்மா; முன்னிருவருக்கு அம்மம்மா, என் மகளுக்கு அப்பம்மா. அவர் 2009 வரை புதுக்குடியிருப்பில் வாழ்ந்தவர். போர் நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவன் மருமகன். அவனுக்கு அவை காட்சிகள். அம்மாவுக்கு அவை விலாசங்கள். இவ்விருவரையும் ஒரே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறவர் தூரத்தையும் வெயிலையும் சாப்பாட்டுக் கடையையும் மட்டும் கணக்கிட்டால் போதாது. அந்த இடத்தில் நிற்கும் கல்லையும் பலகையையும் நாட்டியவர் யார், அவற்றில் எழுதப்படாததைச் சொல்லக்கூடிய ஒருவர் வானுக்குள் இருக்கிறாரா, அவர் சொல்ல விரும்புகிறாரா என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேற்குப் பாதையே மூன்றிலும் இலகுவானது என்று நினைத்து அதை முதலாவதாகத் தெரிந்தோம். 1560 இல் யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலிமீது படையெடுத்த போர்த்துக்கேயர், அதே ஆண்டில் மன்னாரைப் பிடித்து அங்கு கோட்டை கட்டினர். 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினர். பெருநிலத்திலிருந்து பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததுமே கோட்டை கண்ணில் படும் என்பதனால் தேடி அலைய வேண்டியதில்லை. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், உள்ளே கூரையிழந்த தேவாலயம், சுவர்மேல் நின்றால் கடல். எட்டு வயதுப் பிள்ளைக்கு இவை போதும். அந்நியர் மூவர் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக்கொண்ட கோட்டை இது. அவர்களில் யார் நல்லவர் என்று பிள்ளை கேட்டால், வானிலுள்ள எவருடைய நெஞ்சிலும் தைக்காமல் சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம்.

அரிப்பு அதைவிடச் சிறியது, அதைவிடச் சிதைந்தது, ஆனால் கதைக்கு அதுதான் நல்லது. 1660 இல் திருகோணமலைப் பக்கத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்துக்குள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மறித்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், 1679 இல் ஒரு கூட்டாளியோடு தப்பி, அநுராதபுரத்துக் காட்டினூடாக அருவியாற்றைப் பற்றிக்கொண்டு இறங்கி, ஒல்லாந்தர் வசமிருந்த இந்தச் சிறு கோட்டையில்தான் வந்து சேர்ந்தார். ஆற்றங்கரையைப் பிடித்தே நடந்தால் கடலுக்கு வரலாம் என்ற விளக்கத்தை மருமகள் உடனே பற்றிக்கொண்டாள். அன்றைக்கு அவளிடமிருந்து வேறு கேள்வியே வரவில்லை. அருகே, முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் எச்சம் கடலரிப்புக்கு இரையாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் அதற்கென்று தனியாக எவரும் போக வேண்டியிராது என்பதனால், போகிறவர்கள் இப்போதே போவது நல்லது.

ஆனால் இப்பாதை இலகுவானது என்று நான் போட்ட கணக்கு, கோட்டைக்குப் போய்ச் சேரும் முன்பே செட்டிகுளத்தில் பிழைத்தது. வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதி மெனிக் பாம் பக்கமாகவே போகிறது. 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய மக்களில் பெரும்பகுதியினரைக் கம்பிவேலிக்குள் வைத்திருந்த முகாம்கள் அங்குதான் இருந்தன. 2012 செப்ரெம்பரிலேயே கடைசியாக மூடப்பட்டன. இன்று அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பற்றைக்காடும் வெளியும்தான். அம்மா யன்னல் பக்கமாகக் கையை நீட்டி, “இதுக்குள்ளதான் எங்கட கூடாரம். இராமநாதன் முகாம்” என்றார். முகாமுக்கு ஏன் ஓர் ஆளின் பெயர் என்று மருமகன் கேட்டான். இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி என்று தமிழ்ப் பெரியோரின் பெயர்களைக் கூடார வலயங்களுக்குச் சூட்டிய கதையை நான் விளக்கி முடிப்பதற்குள் வான் அவ்விடத்தைக் கடந்துவிட்டது. பலகை ஒன்றும் இல்லாத அந்த இடம், அன்று பார்த்த இரண்டு கோட்டைகளையும்விட நீண்ட உரையாடலைத் தந்தது.

பூநகரிக்கு வேறொரு நாள் போனோம். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய சிறு கோட்டை அது. யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையைக் காவல் காப்பதற்கென அமைந்தது. 1993 நவம்பரில் அங்கிருந்த இராணுவத் தளத்தின்மீது புலிகள் நடத்திய பெருந்தாக்குதலால் இப்பெயரை இந்தத் தலைமுறையும் அறியும். கோட்டையில் எஞ்சியிருப்பவை கற்சுவர்கள் மட்டுமே. நிழல் கிடையாது, மலசலகூடமும் கிடையாது. 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகக் காற்றை வாங்கிக்கொண்டு நின்றதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அங்கு நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சுவரோரத்துப் புல்லுக்குள் குனிந்த மருமகள், உள்ளங்கையளவான துருப்பிடித்த தகடொன்றைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தாள். நான் போட்ட கூச்சலில் பிள்ளை அப்படியே நின்று அழத் தொடங்கிவிட்டாள். அது மீன் ரின்னின் மூடி. ஆனாலும் அந்தக் கூச்சலுக்காக நான் வருந்தவில்லை. இலங்கை 2017 இல் ஒட்டாவா மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வன்னியின் பெரும்பகுதி துப்புரவாக்கப்பட்டுவிட்டது. எனினும் முகமாலை போன்ற இடங்களில் வெடி அகற்றும் பணி நீண்ட காலம் தொடர்ந்தது. வன்னியில் பிறந்த பிள்ளைக்கு, வீதியை விட்டு இறங்காதே, இரும்பைத் தொடாதே, மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த காலடியிலேயே திரும்பு என்ற மூன்றும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். ரொறொன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதையும் வானால் இறங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். நான் சொல்ல மறந்திருந்தேன்.

இனி வடக்குப் பாதை. மூன்றிலும் இதன் வீதியே நல்லது, கடைகள் நெருக்கம், பரந்தனில் சோற்றுப் பார்சல் வாங்கலாம், ரயிலிலும் போகலாம். நினைவுச்சின்னங்களும் இப்பாதையில்தான் அதிகம். கிளிநொச்சியில் புலிகள் பின்வாங்கியபோது வீழ்த்தப்பட்ட நீர்த்தாங்கியும், 2009 சனவரி 2 ஆம் திகதி நகரைப் பிடித்ததன் நினைவாக இராணுவம் எழுப்பிய, வெடித்த சுவரும் தாமரையுமான தூபியும் வீதியோரத்திலேயே உள்ளவை. அவற்றுக்குப் பத்து நிமிடத்துக்குமேல் தேவையில்லை. நேரத்தை ஆனையிறவுக்கு வைத்திருக்க வேண்டும்.

ஆனையிறவை விளங்கிக்கொள்ளப் பிள்ளைக்குப் போரைச் சொல்வதற்கு முன் யானையைச் சொல்ல வேண்டும். வன்னியின் தலைவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானைகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவை ஆழங்குறைந்த இந்தக் கடனீரேரியினூடாக நடத்திச் செல்லப்பட்டு, குடாநாட்டில் விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையில் கப்பலேறின. யானை நடந்து கடக்கக்கூடிய இடத்தால் படையும் கடக்கும். ஆகவே ஒல்லாந்தர் இங்கே ஒரு காவற்கோட்டை வைத்தார்கள், அதன் பின் வந்தவர்களும் விடவில்லை. குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் கழுத்து இதுதான் என்பதைப் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. வானிலிருந்து இறங்கி இருபுறமும் பார்த்தாலே ஒரு பக்கம் நீர், மறுபக்கம் நீர், நடுவே வீதியும் தண்டவாளமும், அப்பால் உப்பளம்.

அங்கு நின்று தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் காட்டினேன். 1991 யூலையில் புலிகள் இத்தளத்தை முற்றுகையிட்டபோது, அரசு கடல்வழியாக வெற்றிலைக்கேணியில் படையிறக்கித் தளத்தைக் காப்பாற்றியது. 2000 ஏப்ரிலில் காப்பாற்ற முடியவில்லை. அதற்குரிய காரணங்களுள் பிள்ளைக்கும் விளங்கக்கூடியது, குடிநீர். சுற்றிவர உப்புநீர், நல்ல தண்ணீர் இயக்கச்சிப் பக்கத்திலிருந்து வர வேண்டும், புலிகள் இயக்கச்சியைப் பிடித்ததோடு ஆயிரக்கணக்கானோர் இருந்த தளம் கோடை வெயிலில் தண்ணீரின்றித் தவித்து, ஏப்ரில் 22 ஆம் திகதி விழுந்தது. 2009 சனவரியில் இராணுவம் அதை மீண்டும் கைப்பற்றியது. பதின்மூன்று வயதுப் பையன் துவக்கைப் பற்றியும் பீரங்கியைப் பற்றியும் கேட்பான் என்று எதிர்பார்த்திருந்தேன். அவன் தண்ணீரைப் பற்றித்தான் வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தான்.

வீதியோரத்தில் ஒரு புல்டோசர் நிற்கிறது. 1991 முற்றுகையில் புலிகள் இரும்புத் தகடு பொருத்தித் தளத்தை நோக்கிச் செலுத்தியது. காமினி குலரத்ன என்ற சிப்பாய் அதன்மீது ஏறிக் கைக்குண்டுகளை வெடிக்கவைத்து அதை நிறுத்தி, தானும் இறந்தார். நாட்டின் அதியுயர் இராணுவ விருதான பரம வீர விபூஷணய அவருக்கு வழங்கப்பட்டது. நாங்கள் போனபோது தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு குடும்பமும் அங்கு நின்றது. தாய் தன் மகனுக்குச் சிங்களத்தில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மருமகனுக்குத் தமிழில் முற்றுகையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிங்களம் விளங்கும் என்பதனால் இரண்டையும் கேட்டேன். அவர் சொன்னதிலும் பிழை இருக்கவில்லை, நான் சொன்னதிலும் இருக்கவில்லை. ஒவ்வொருவரும் கதையின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். அங்கு நாட்டப்பட்டிருப்பது வென்றவர்களின் சின்னம் என்பதையும், எதிரியின் வண்டியே அவர்களுடைய நினைவுச்சின்னமாகியிருப்பதையும் மருமகனுக்குச் சுட்டிக்காட்டினேன். அப்போது அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா வானை விட்டு இறங்கவே இல்லை. கால் நோவு என்றார்.

அந்தச் சுட்டிக்காட்டலுக்குப் பயன் கிழக்குப் பாதையில் கிடைத்தது. ஒட்டுசுட்டானை அண்மித்த கற்சிலைமடு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. என் கருத்தில், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் அதுதான். வன்னியின் சிற்றரசனான பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்ட் 25 ஆம் திகதி முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கி, காவற்படையை வெளியேற்றி, பீரங்கிகளையும் கைப்பற்றினான். இரண்டு மாதங்கள் கழித்து, ஒக்ரோபர் 31 ஆம் திகதி, கற்சிலைமடுவில் எதிர்பாராத தாக்குதலில் தோற்றான். அங்கு நின்ற பழைய கல்லில், இந்த இடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்து, திகதியும் இட்டிருந்தார்கள். போர் முடிந்தபின் அந்தக் கல் உடைக்கப்பட்டு, பின்னர் நினைவுச்சின்னம் மீள அமைக்கப்பட்டது.

பழைய வாசகத்தை நான் சொன்னதும் மருமகன், “மாமா, அப்ப இவர் தோத்திட்டார்தானே?” என்றான். என் மகள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் 25 ஆம் திகதியை வெற்றி நாளாகக் கொண்டாடுகிறார்கள் என்றும், பண்டாரவன்னியனுக்குச் சிலையே இருக்கிறது என்றும் வாதாடினாள். இருவர் சொன்னதும் உண்மை. ஆங்கிலேயர் தமது வெற்றியைக் குறிக்க நாட்டிய கல்லையே ஊரவர் தோற்றவனுக்கு மாலை போடும் இடமாக்கிக்கொண்டார்கள். வென்ற டிறிபேர்க்கின் பெயர் அந்தக் கல்லின் தயவால்தான் எங்களுக்குத் தெரியும். மருமகன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த புல்டோசர் மாதிரி, ஆனா மறுபக்கமா” என்றான். இந்தப் பயணத்தில் நான் விரும்பியிருந்த வசனம் அதுதான்; அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கற்சிலைமடுவைத் தாண்டியபின் பாதையின் தன்மை மாறுகிறது. முல்லைத்தீவில் பண்டாரவன்னியன் தாக்கிய கோட்டையைத் தேடிப் போக வேண்டாம். பார்ப்பதற்கு எஞ்சியது எதுவுமில்லை. 1996 யூலையில் புலிகள் அழித்த பெருந்தளம் இருந்ததும் இந்த ஊரில்தான். புதுக்குடியிருப்பில், நீர்நிலையின் நடுவே துவக்கும் கொடியும் ஏந்திய சிப்பாயின் உருவத்தோடு இராணுவத்தின் வெற்றிச் சின்னம் நிற்கிறது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் புலிகளின் படகுகளையும் பதுங்கு குழிகளையும் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். அவற்றுள் அதிகம் பேர் பார்த்த நிலக்கீழ் மாளிகையை இராணுவமே 2013 ஒக்ரோபரில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. ஆகவே பழைய பயணக் குறிப்புகளை நம்பி இப்பகுதிக்கு வருகிறவர்கள், போன மாதம் போய்வந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது. முகாம்களுக்கு அருகே படம் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அதை மச்சானுக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

முள்ளிவாய்க்காலை மற்ற இடங்களோடு ஒரே தட்டில் வைத்து ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்த அந்த ஒடுங்கிய மணற்பட்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் நந்திக்கடல் என்ற கடனீரேரியுமாகக் கிடக்கிறது. நினைவுமுற்றத்தில் மே 18 ஆம் திகதி விளக்கேற்றுகிறார்கள். அந்த வாரத்தில் ஊர் ஊராகக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். உப்புப் போட்ட வெறும் அரிசிக் கஞ்சி. கடைசி நாட்களில் உயிர் தாங்கியது அதுதான் என்பதனால். இதைச் சொல்ல வேண்டியவர் நான் அல்லன். அந்த மாதங்களில் நான் வவுனியாவில் இருந்தேன். அறிந்தவர் அம்மா. முல்லைத்தீவுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையிலுள்ள வட்டுவாகல் பாலத்துக்கு வந்ததும் அவர் சாரதியிடம், “தம்பி, நிப்பாட்டாதேங்கோ, போங்கோ” என்று மட்டும் சொன்னார். நாங்கள் நிற்கவில்லை. மருமகன் ஏதோ கேட்க வாயெடுத்தான். தங்கை அவன் முழங்காலில் கை வைத்தாள்.

ஆகவே என் தெரிவு இப்படி அமைகிறது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டும் இருந்தால் மன்னாரும் அரிப்பும் போதும். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் வீடு திரும்பலாம், செட்டிகுளத்தில் வரக்கூடிய கேள்விக்கு ஆயத்தமாக இருந்தால் சரி. பத்துக்கு மேல் என்றால் கற்சிலைமடுவும் ஆனையிறவும், அதே வரிசையில். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க எண்ணி மாங்குளம், முல்லைத்தீவு, பரந்தன், ஆனையிறவு என்று வட்டமடிக்க வேண்டாம். வரைபடத்தில் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு உட்பட்டதாகத் தெரியும் அந்த வட்டத்தைப் போட முயன்ற ஒரு நாளில், நான்கு மணிக்குப் பின் எவரும் எதையும் பார்க்கவில்லை. வானுக்குள் மூன்று பேர் நித்திரை, ஒருவருக்கு வாந்தி. நேரம் குறைவாக இருந்து ஒன்றைக் கைவிட வேண்டி வந்தால் கிளிநொச்சித் தூபியைக் கைவிடுங்கள். கற்சிலைமடுவை விட வேண்டாம். மாவீரர் துயிலுமில்லங்கள் சுற்றுலாவின் இடைத்தரிப்புகள் அல்ல. குடும்பத்தில் ஒருவர் அங்கு விதைக்கப்பட்டிருந்தால் நவம்பர் 27 ஆம் திகதி எங்கே போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கமராவோடு போவதைத் தவிர்க்கலாம்.

முள்ளிவாய்க்காலுக்குப் போவதா இல்லையா என்பதை வீட்டின் மூத்தவர் தீர்மானிக்கட்டும். எங்கள் வீட்டில் அது தீர்மானமாகியும் விட்டது. பயணம் முடிந்து தங்கை குடும்பம் புறப்படும் முன்னிரவு, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு வந்தால் தானும் வருவதாகவும், கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்த்துவிட்டு நந்திக்கடல் கரையால் பிள்ளைகளோடு தானே நடந்து எல்லாவற்றையும் காட்டுவதாகவும் அம்மா சொன்னார். தங்கை சம்மதித்துவிட்டாள். ஆனால் வைகாசியில் கனடாவில் பள்ளிக்கூடம் முடிந்திராது. மருமகனுக்கு இரண்டு கிழமை லீவு கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். காரணம் என்று அதில் என்ன எழுதுவது என்று அவள் நேற்றும் தொலைபேசியில் கேட்டாள்.